ஆடலாம், ஆட்டுவிக்கக் கூடாதா? லிங்கன் பிலிப்ஸும் பறிக்கப்பட்ட ஒரு கோப்பையும்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்தின் சாம்பியன் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1969: செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். 1970: செயின்ட் லூயிஸ். 1972, 1973: மறுபடியும் செயின்ட் லூயிஸ். நடுவில் 1971க்கு நேரே எந்த அணியின் பெயரும் இல்லை. பட்டம் ரத்து என்ற குறிப்பு மட்டும் இருக்கும்.

அந்த ஆண்டும் இறுதிப்போட்டி நடந்தது. 3-2 என்ற கணக்கில் ஓர் அணி வென்றது, கோப்பையையும் தூக்கியது. பிறகு அது பறிக்கப்பட்டது. வென்ற அணி வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் அணி. கறுப்பின மக்களின் கல்விக்காக உருவான பல்கலைக்கழகம் அது. அணியின் பயிற்சியாளர் லிங்கன் பிலிப்ஸ், டிரினிடாட் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒடுக்கப்பட்டவர்களின் உடல் உழைப்பை எந்த ஆதிக்கச் சமூகமும் மறுப்பதில்லை. ஓடு, குதி, பந்தை எறி, கோல் அடி என்றால் கைதட்டும். அதே மனிதர் அணியை வழிநடத்தும் இடத்தில் உட்காரும்போதுதான் தகுதி, விதி, தரம் என்ற பேச்சு எழுகிறது. ஒரு பயிற்சியாளரின் வாழ்க்கையை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஹோவர்ட் என்ற களம்

ஹோவர்ட் 1867இல் தொடங்கப்பட்டது. அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கமலா ஹாரிஸ் படித்த இடம் என்று இன்று பலருக்கும் தெரியும். டோனி மோரிசனும் அங்கே படித்தவர்தான். பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை முறியடித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்காக வாதாடி, பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல், ஹோவர்டின் சட்டக் கல்லூரியில் 1933இல் பட்டம் பெற்றவர். நீதிமன்றத்துக்குப் போவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். இந்தக் கதையிலும் அது வரும்.

டிரினிடாட்டுக்கும் ஹோவர்டுக்கும் பழைய உறவு உண்டு. அந்நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ், அரசியலுக்கு வருமுன் ஹோவர்டில் பேராசிரியராக இருந்தார். 'கறுப்பு அதிகாரம்' என்ற முழக்கத்தை உலகறியச் செய்த ஸ்டோக்லி கார்மைக்கேல் டிரினிடாட்டில் பிறந்து ஹோவர்டில் படித்தவர். கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மாணவர்களோடு கால்பந்தும் வந்தது. அமெரிக்காவில் 'புட்பால்' என்றால் வேறு ஆட்டம், நாம் ஆடும் கால்பந்தை அவர்கள் 'சாக்கர்' என்பார்கள். அந்த நாட்டுக் கறுப்பினப் பள்ளிகளில் கூடைப்பந்தும் அமெரிக்கப் புட்பாலும் வேரூன்றியிருந்த அளவுக்குச் சாக்கர் வேரூன்றவில்லை. ஆகவே ஹோவர்டின் கால்பந்து அணி பெரும்பாலும் கரீபியன், ஆப்பிரிக்க மாணவர்களால் ஆனது. டெட் சேம்பர்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது, 1961இலேயே, சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பின் தேசியப் பட்டத்தை அந்த அணி வென்றிருந்தது. பெரிய மேடை என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டி. அதை எந்தக் கறுப்பினப் பல்கலைக்கழகமும் வென்றதில்லை.

கோல்கீப்பர் பயிற்சியாளரானார்

லிங்கன் பிலிப்ஸ் டிரினிடாட் தேசிய அணியின் கோல்கீப்பர். 1967இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். 1968இல் பால்டிமோர் பேஸ் என்ற தொழில்முறை அணிக்காக ஆட அமெரிக்கா வந்தார். அடுத்து வாஷிங்டன் டார்ட்ஸ் அணியில் ஆடிக்கொண்டே அந்த அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆனார். அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

1970இல் ஹோவர்ட் அவரை அழைத்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1968 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே கைப்பற்றி உட்கார்ந்த வளாகம் அது. அங்கே ஒரு விளையாட்டு அணி விளையாட்டு அணியாக மட்டும் இருக்க முடியாது என்பது பிலிப்ஸுக்குப் புரிந்திருந்தது.

முதல் ஆண்டிலேயே அணி அரையிறுதி வரை சென்றது. அடுத்த ஆண்டு, 1971 டிசம்பர், மயாமி நகரின் ஆரஞ்சு பௌல் மைதானம். எதிரணி செயின்ட் லூயிஸ். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர்களே சாம்பியன். உள்ளூர்க் கத்தோலிக்கப் பங்குகளில் சிறுவயது முதல் ஆடி வளர்ந்த வெள்ளை இளைஞர்களே அந்த அணியின் பலம். ஹோவர்ட் 3-2 என்று வென்றது. ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகம் இந்த நிலையில் தேசியப் பட்டம் வெல்வது எந்த விளையாட்டிலும் அதுவே முதல்முறை.

மூன்று விதிகள்

விசாரணை வந்தது. ஹோவர்ட் அணியில் ஆடிய சில மாணவர்கள் தகுதியற்றவர்கள் என்று என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. பட்டம் ரத்தானது. ஓராண்டு தண்டனைக் காலமும் விதித்தார்கள், அந்த ஆண்டில் தேசியப் போட்டிக்குள் நுழைய முடியாது.

மீறப்பட்டதாகச் சொன்ன விதிகளைப் பொறுமையாகப் பார்ப்போம். கோஷம் போடுவதைவிட இந்த இடத்தில் படிப்பதுதான் முக்கியம்.

முதலாவது, வெளிநாட்டு மாணவர் விதி. வெளிநாட்டு மாணவர் ஒருவர் 19 வயதுக்குப் பிறகு, கல்லூரியில் சேருமுன், தன் நாட்டில் ஏதாவது ஓர் அணிக்கு ஆடியிருந்தால், அப்படி ஆடிய ஒவ்வோர் ஆண்டும் அவருடைய கல்லூரி ஆட்டக் காலத்தில் கழிக்கப்படும். அமெரிக்க மாணவர் தன் ஊரில் அதேபோல் ஆடியிருந்தால் கழிவு இல்லை.

இரண்டாவது, ஐந்தாண்டு விதி. உலகின் எந்த மூலையில் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்தாலும், அன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஆட்டக் காலத்தை முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, 1.600 விதி. பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு முடிவையும் வைத்து, இந்த மாணவர் கல்லூரியில் குறைந்தது 1.600 சராசரி எடுப்பார் என்று கணிக்கப்பட வேண்டும். அவர் கல்லூரிக்கு வந்து உண்மையில் எவ்வளவு எடுத்தார் என்பதை இந்த விதி பார்க்கவில்லை. முன்கூட்டிய கணிப்புதான் கணக்கு. அந்தக் கணிப்போ அமெரிக்கப் பள்ளிகளையும் அமெரிக்கத் தேர்வுகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. டிரினிடாட்டிலோ கானாவிலோ பள்ளி முடித்த பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி நாம் நடத்தும் விவாதம் நினைவுக்கு வருகிறதல்லவா? உள்ளே வந்தபின் ஒருவர் என்ன செய்து காட்டுகிறார் என்பதைவிட, வாசலில் நிற்கும்போது அவர் என்ன செய்வார் என்ற ஊகத்துக்கே மதிப்பு. இதற்குப் பெயர் தகுதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்.சி.ஏ.ஏ. தானாகவே இந்த 1.600 விதியை 1973இல் கைவிட்டுவிட்டது. விதி போனது, அதை மீறியதற்கான தண்டனை மட்டும் நின்றது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

ஹோவர்ட் வழக்குப் போட்டது. நாங்கள் தனியார் சங்கம், எங்களுக்கும் அரசமைப்புச் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதே என்.சி.ஏ.ஏ.யின் நிலை. 1973இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சங்கத்தின் உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதி அரசுப் பல்கலைக்கழகங்களாக இருக்கும்போது அதன் செயலும் அரசின் செயலைப் போன்றதுதான் என்றது. வெளிநாட்டு மாணவர் விதி சமப் பாதுகாப்பு உரிமைக்கு எதிரானது என்று அதை அடித்தது. மற்ற இரண்டு விதிகளும் செல்லும் என்றது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு பகுதிகளையும் உறுதி செய்தது.

ஆக, ஹோவர்ட் எந்த விதியையும் மீறவில்லை என்று நாம் சொல்ல முடியாது. எழுதப்பட்டிருந்த விதிகளின்படி மீறல் இருந்தது. அதை மறைத்துப் பெருமை பேசினால் வரலாறு பலவீனமாகும். பாரபட்சமான ஒரு விதியை நாட்டுக்கே ஒழித்துக் கொடுத்தது ஹோவர்ட். ஆனால் தன் கோப்பையை அதனால் மீட்க முடியவில்லை. போராடுபவர்கள் பெற்றுத்தரும் உரிமையை அடுத்து வருபவர்கள்தான் அனுபவிப்பார்கள் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வால்குறிப்பு. ஹோவர்ட் திறந்த அந்தக் கதவு பிறகு சாத்தப்பட்டது. ஜெரி டார்க்கேனியன் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், 1988இல், என்.சி.ஏ.ஏ. அரசு அமைப்பு அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2005இல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின் 12ஆம் பிரிவின்படி 'அரசு' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 3-2 என்று சொன்னது. நாட்டின் பெயரில் அணியை அனுப்பும் அமைப்பு, அரசமைப்பின் கடமைகள் என்று வரும்போது தனியார் ஆகிவிடுகிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும்போது நாம் முட்டி நிற்கும் சுவர் இதே சுவர்தான்.

1974

தண்டனைக் காலம் முடிந்து 1974இல் அணி திரும்ப வந்தது. அந்தப் பருவத்தில் ஆடியது 19 ஆட்டங்கள், வென்றது 19. இறுதிப்போட்டி செயின்ட் லூயிஸ் நகரத்தில், எதிரணி அதே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அவர்கள் ஊர், அவர்கள் ரசிகர்கள். நேரம் முடிந்தபோது ஆட்டம் சமன். கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீண்டு, நான்காவது கூடுதல் நேரத்தில் ஹோவர்ட் 2-1 என்று வென்றது.

இந்த முறை எந்த விதிப்புத்தகத்தாலும் அதைத் தொட முடியவில்லை. ஆண்கள் கால்பந்தில் என்.சி.ஏ.ஏ.யின் முதல்நிலைப் பட்டத்தை வென்ற ஒரே கறுப்பினப் பல்கலைக்கழகம் இன்றுவரை ஹோவர்ட்தான்.

1974இன் வெற்றியைப் 'பழிவாங்கல்' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஒரு வெள்ளையர் அணி வென்றால் அது வெற்றி. நாம் வென்றால் மட்டும் அது பழைய காயத்துக்கான பதிலாகச் சுருங்க வேண்டுமா? 19 ஆட்டங்களில் 19 வெற்றி என்பது ஒரு பயிற்சியாளரின் திட்டம், உழைப்பு, அறிவு. அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும்.

யாருக்கு எவ்வளவு காலம்?

ஒரு பயிற்சியாளரின் பெயருக்குப் பின்னால் எத்தனை வெற்றி, எத்தனை கோப்பை என்று எண்ணுகிறோம். அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை ஆண்டு, யாருடைய பணம், எத்தனை முறை மன்னிப்பு என்று யாரும் எண்ணுவதில்லை.

செயின்ட் லூயிஸின் ஹாரி கியோவைப் பாருங்கள். 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியில் இருந்தவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடி பயிற்சியும் கொடுத்த எளிய மனிதர். ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1950இல் அந்த ஒரே கோலை அடித்தவர் ஜோ கேட்ஜென்ஸ், ஹெய்ட்டி நாட்டவர். அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருக்கவில்லை. குடியுரிமை பெறும் விருப்பத்தைத் தெரிவித்ததே போதுமென்று ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவுக்குப் பெருமை சேர்க்கும்போது கரீபியன் வீரருக்காக விதி வளைந்துகொடுத்தது.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜெரி யேகிலி 1963இல் வந்தார். அங்கே கால்பந்து அப்போது பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ அணியே அல்ல, மாணவர் மன்ற அளவில்தான் இருந்தது. 1973இல்தான் அங்கீகாரம் கிடைத்தது. முதல் பட்டம் 1982இல். 2003இல் ஆறாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். நாற்பது ஆண்டுகள்! உழைத்தார், சந்தேகமில்லை. 2010இல் அவருடைய மகன் டாட் யேகிலி அதே பதவிக்கு வந்து, 2012இல் பட்டமும் வென்றார்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் அரீனா ஐந்து கல்லூரிப் பட்டங்களிலிருந்து தொழில்முறை அணிக்கும், அங்கிருந்து அமெரிக்கத் தேசிய அணிக்கும் போனார். 2002 உலகக் கோப்பையில் அந்த அணியைக் காலிறுதி வரை கொண்டு சென்றார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1978ஆம் ஆண்டுப் பட்டமும் தகுதி விவகாரத்தில் ரத்தானது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், தண்டனை ஹோவர்டுக்கு மட்டும் வந்ததல்ல. அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் நெகோஸ்கோ அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே பதவியில் நீடித்தார்.

லிங்கன் பிலிப்ஸுக்கு ஹோவர்டில் கிடைத்தது சுமார் பத்து ஆண்டுகள். 116 வெற்றி, 19 தோல்வி, 11 சமன். பின்னர் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்தார், டிரினிடாட் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநரானார். அரீனா ஏறிய ஏணியின் உச்சியில் அமெரிக்கத் தேசிய அணி இருந்தது. பிலிப்ஸ் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. இத்தனைக்கும் தொழில்முறை அணியை அவர் கல்லூரிக்கு வருமுன்பே நடத்திக் காட்டியவர்.

அவர் விதைத்தது ஹோவர்டில் உடனே பட்டுப்போகவில்லை. கீத் டக்கர் பயிற்சியில் 1988இல் அணி மறுபடியும் தேசிய இறுதிக்கு வந்தது. எதிரே யேகிலியின் இண்டியானா. 0-1 என்று தோற்றது. ஒரு பக்கம் கால் நூற்றாண்டாக ஒரே இடத்தில் வேரோடியிருந்த பயிற்சியாளர், இன்னொரு பக்கம் பணமும் மைதானமும் குறைந்த கறுப்பினப் பல்கலைக்கழகம். இடைவெளி ஒரே ஒரு கோல்.

நமக்குத் தெரிந்த முகம்

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. பல்வங்கர் பாலூ, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட் எடுத்தார். 'இந்துக்கள்' அணிக்கு அவருடைய பந்துவீச்சு வேண்டும். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனிக் குவளை. தலைவர் பதவி? கடைசிவரை கொடுக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், அதுவும் சகோதரர்கள் எதிர்ப்புக் காட்டி விலகிய பிறகு, 1923இல் அது கிடைத்தது.

பாலூவின் கையும் தேவைப்பட்டது, டிரினிடாட் மாணவர்களின் காலும் தேவைப்பட்டது. தலைமை என்று வரும்போது கேள்வி வேறாகிவிடுகிறது.

ஆகவே தோழர்களே, உங்கள் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அணியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உடற்கல்வி இயக்குநர் யார், பயிற்சியாளர்கள் யார், தேர்வுக் குழுவில் யார், அந்தப் பணியிடங்களில் இடஒதுக்கீட்டுச் சுழற்சி பின்பற்றப்படுகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலைக் கோப்பில் வையுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

உங்கள் ஊரில் பெயர் தெரியாமல் போன பயிற்சியாளர்கள் இருப்பார்கள். சம்பளமில்லாமல், ஷூ இல்லாத பிள்ளைகளை வைத்து மாவட்ட அணிக்கு ஆள் அனுப்பியவர்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த ஆண்டு, எந்த ஆட்டம், யார் ஆடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். என்.சி.ஏ.ஏ.யின் ஏட்டில் 1971 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த ஆண்டு யார் வென்றார்கள் என்பது இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஆடியவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததுதான்.